காலிக் கட்டம் பிடிக்காதவர்

வத்தலக்குண்டு தாண்டி, பேருந்து மலையின் முதல் வளைவில் ஏறும்போது, முன் இருக்கைக்காரர் சட்டைப் பையிலிருந்து மெந்தால் குச்சியை எடுத்தார். மூடியைத் திருகி, ஒரு மூக்குத்துளையில் வைத்து ஆழமாக இழுத்தார். அவ்வளவுதான். மழை நனைத்த மண், யாரோ உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சு, பின்னால் ஒரு குழந்தையின் வாந்தி, எல்லாம் அந்த ஒரே இழுப்பில் காணாமல் போயின. மற்ற வாசனைகளின் மேல் போடும் பூட்டு மெந்தால். அது பூட்டிக்கொள்ளும்போதெல்லாம், முன்பு என்னோடு வேலைபார்த்த ஒருவர் நினைவிலிருந்து எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், காதுவரை இழுத்த குல்லாயும் மடியில் ஒரு கோப்புமாக.

பெயரைச் சொல்ல மனமில்லை. பிள்ளைகள் அவரை ஐடியா சார் என்றார்கள். அதுவே அதிகம்.

ஏரிக்கு மேலே சரிவில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியில் நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். புவியியல் களப்பயணங்களை நடத்துவதற்காக அவர் சென்னையிலிருந்து வந்தார். ஒரே ஒரு கல்வியாண்டு இருந்தார். அவர் வருவதற்கு முன், மேகம் சன்னல் வழியாக வகுப்புக்குள் வந்துபோகிற ஊரில், மேகங்களின் வகைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்துக்கொண்டிருந்தோம். ஆகவே அவர் வந்தபோது முதலில் மகிழ்ந்தவன் நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் என் ஏளனம் சுத்தமானது என்று நினைத்துவிடுவீர்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து, வாசனைகளை வரைபடத்தில் குறிப்பது. சோலைக்குள் அசையாமல் உட்கார்ந்து சத்தங்களைக் குறிப்பது. ஓடையில் பந்தை மிதக்கவிட்டு நீரின் வேகம் பார்ப்பது. அட்டையில் பசைநாடா ஒட்டி, ஓர் ஊரின் நிறங்களைத் துணுக்குத் துணுக்காகச் சேர்ப்பது. எல்லாம் நல்ல யோசனைகள். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு தாள் இருந்தது. தாளில் கட்டங்கள் இருந்தன. காலியான கட்டத்தைப் பார்த்தால் அவருக்குப் பல்லிடுக்கில் நார் மாட்டியதுபோல் முகம் ஒரு பக்கம் கோணும்.

"எந்தக் கட்டமும் காலியா இருக்கக்கூடாது சார். காலின்னா அன்னைக்கு லேர்னிங் நடக்கலன்னு அர்த்தம்" என்பார்.

மலைக்கு வந்த முதல் வாரமே அவருக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. இறங்கிப் போகும்வரை திறக்கவில்லை. அந்த மூக்கோடுதான் வாசனை வரைபடம் போடவைத்தார். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஏரிக்கரையில் ஊர்ந்துபோக, இவர் மெந்தால் குச்சியைச் செருகியபடி முன்னால் நடந்து தன் தாளை நிரப்பிக்கொண்டே போவார். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"குதிரை நிக்கிற இடம்னா லத்தி. மரம் நின்னா தைலம். கடை இருந்தா சோளம் சுடுற வாசனை. லாஜிக்தானே சார்."

சோலைக்குள் சத்தம் கேட்கப் போனபோது தாளில் மூன்று பறவைகளுக்குக் கட்டம் இருந்தது. அன்றைக்கு ஒரு பறவையும் வாயைத் திறக்கவில்லை. முப்பது பிள்ளைகளும் ஆளுக்கு மூன்று பறவைகளை உண்டாக்கி எழுதினார்கள். பறவையே இல்லாத அந்த அமைதியை எழுத ஒரு கட்டமும் இல்லை. அது எவ்வளவு பெரிய அமைதி தெரியுமா. இலையிலிருந்து சொட்டும் நீர் பாசியில் விழுவதுகூடக் கேட்டது. அதற்கு நடுவில் இவருடைய கைப்பேசி இரண்டு முறை அடித்தது.

தாண்டிக்குடிக்கு ஜீப்புகளில் போனோம். பள்ளத்தாக்கு தெரியும் ஓரிடத்தில் நின்று பார்த்து, அச்சடித்த தாளில் ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். எதிர்மலை, பள்ளத்தாக்கு, சமவெளி, நீர்நிலை, குடியிருப்பு. போய் இறங்கினால் பனி. எதிரில் நீட்டிய கை மணிக்கட்டோடு மறைந்தது. காப்பிச் செடிகளின் ஈர வாடை மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

ஜீப் ஓட்டுநர் சொன்னார்: "பதினோரு மணிக்கு மேல விலகிரும் சார். அதுக்குள்ள பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டீயப் போட்டுக் குடுங்க."

"டைம் இல்லங்க" என்று இவர் கைப்பேசியைத் திறந்தார். வெயில் நாளில் எடுத்த படம் அதில் இருந்தது. முப்பது பிள்ளைகளும் பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி வரிசையாக உட்கார்ந்து, படத்தைப் பார்த்து எழுதினார்கள். யாழினி என்று எட்டாம் வகுப்புப் பெண், திருப்பூர்ப் பிள்ளை, அதிகம் பேசாதவள். அவள் மட்டும் ஐந்து கட்டத்திலும் 'பனி' என்று எழுதிக் கொடுத்தாள்.

"இன்கம்ப்ளீட்" என்றார்.

"எனக்கு அதுதான் சார் தெரிஞ்சுது."

"தெரியறத எழுதறதுக்குத் தாள் எதுக்கும்மா?"

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் இத்தனை வருடம் மறக்காமல் வைத்திருக்கிறேன். அவர் தாள்களை எண்ணிக் கோப்பில் செருகிக்கொண்டிருந்தபோது பனி விலகியது. யாரோ ஈரத்துணியை ஒரு முனையில் பிடித்து மெதுவாக உருவியதுபோல. வெகு கீழே சமவெளியும், ஏதோ ஒரு கண்மாயின் மினுக்கமும். "ஏறுங்க ஏறுங்க" என்று இவர் கைதட்டினார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பெரும்பாறை என்ற ஊரில் நடந்ததைச் சொன்னால் கட்டிவிட்ட கதை என்பீர்கள். பந்து விடப் போன ஓடையில் சொட்டு நீர் இல்லை. வெறும் கூழாங்கல். 'நீரின் வேகம்' என்ற கட்டம் அவரைப் பார்த்தது, அவர் கட்டத்தைப் பார்த்தார். பிறகு, பிள்ளைகள் குடிப்பதற்குக் கொண்டுவந்த இரண்டு கேன் தண்ணீரையும் மேட்டிலிருந்து ஊற்றச் சொன்னார். தண்ணீர் நான்கு கல்லைத் தாண்டவில்லை. மஞ்சள் பந்து ஒன்று அரை முழம் உருண்டு நின்றது. அதற்கு நேரம் குறித்து, வகுத்து, வேகம் எழுதினார்கள்.

மிளகுக் கொடிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டத்துப் பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னாள்: "ஏடி, மாட்டுக்குத் தண்ணி காட்டுவாக, பாத்திருக்கேன். ஓடைக்குக் காட்டுறத இன்னைக்குத்தாண்டி பாக்குறேன்."

"படிச்சவுக. சும்மா இரு" என்றாள் மற்றவள். அதே பெண்கள்தான் பிறகு தங்கள் தூக்குச்சட்டியிலிருந்து பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவனுக்குப் பொறுப்பு கிடையாது, பாருங்கள். அடுத்த பயணத்துக்கு நல்ல ஊர் ஒன்று சொல்லுங்கள் என்று அவர் கேட்டபோது பூண்டிக் கிராமத்தைச் சொன்னதும், செல்லத்தாயக்காவின் வீட்டைச் சொன்னதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பல வருடமாக நான் பூண்டு வாங்குவது செல்லத்தாயக்காவிடம். அவர் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அடுப்புக்கு மேலே பரண்போல் மூங்கில் கம்புகள். அவற்றில் காய்ந்த தண்டோடு சேர்த்துக் கட்டிய பூண்டுக் கட்டுகள் தலைகீழாகத் தொங்கும். விடாமல் புகை ஏறவேண்டும்; ஏறினால்தான் மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாது, அடுத்த நடவுக்கு விதையாகவும் நிற்கும். எல்லாவற்றுக்கும் புகை படவேண்டும் என்று அக்கா முன்கட்டைப் பின்னாலும் பின்கட்டை முன்னாலும் வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு கட்டிலும் பழைய சேலையில் கிழித்த ஒரு துணித்துண்டு. சில சிவப்பு, சில நீலம். கரி படிந்த அந்த இருட்டில் அவை சின்னச் சின்னதாக எரியும். அழகாக இருக்கிறதே என்று பார்த்திருக்கிறேன். எதற்கு என்று கேட்டதில்லை.

அது ஒரு புதன்கிழமை. நடவுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்றைய யோசனை, நிற அட்டை. ஆளுக்குப் பத்துக் கட்டம், பத்து நிறம். யாருக்கும் கிடைக்காத நிறத்தைக் கொண்டுவருபவருக்குப் பரிசு. பிள்ளைகள் வீட்டைச் சுற்றிச் சிதறினார்கள். இவர் அக்காவை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கைப்பேசியில் படம்பிடித்தபடி பேட்டி எடுத்தார்.

"அம்மா, உங்க மண்ணுக்கு ஒரு எமோஷன் குடுக்கணும்னா என்ன குடுப்பீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். "என்ன சார் கேக்குறாரு?"

"மண்ணு சந்தோசமா இருக்கா, வருத்தமா இருக்கான்னு கேக்குறாருக்கா."

"கீழ்க்காட்டுல அழுகல் விழுந்து கெடக்கு. நடுக்காடும் மேல்காடும் பரவாயில்ல. இதுல சந்தோசத்த எங்கிட்டுப் போயித் தேட? வெரசாக் கேளுங்க சார், எனக்குச் சோலி கெடக்கு."

இவர் தாளில் 'மகிழ்ச்சி' என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். மகிழ்ச்சி.

இருபது கேள்விகள் முடிந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குள்ளிருந்து வரிசையாக வெளியே வந்தார்கள். எல்லா அட்டையிலும் மண்ணின் பழுப்பு, இலையின் பச்சை, கரியின் கறுப்பு. அவற்றுக்கு நடுவில் பளிச்சென்று சிவப்பு, அல்லது நீலம். "சூப்பர், சூப்பர்" என்றார் இவர். அக்கா அட்டைகளைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். நான் பின்னால் போனேன். அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நாற்பது கட்டுக்குக் கிட்டத் தொங்கும். ஒன்பதில் மட்டும் துணி மிச்சம்.

"செவப்பு கீழ்க்காடு சார்" என்றார். "அழுகல் விழுந்த காடு. சமையலுக்கு வித்துரலாம்னு ஒதுக்குனது. நீலம் மத்த ரெண்டு காடு. வெதைக்கு வச்சிருந்தேன்."

"பாத்தாத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சா எதுக்குத் துணி கட்டுறேன்? வெளிய நல்லாத்தான் இருக்கும். நட்டாத் தெரியும். தெரியும்போது அழுகல் மேல்காட்டு மண்ணுக்குள்ளயும் போயிருக்கும். அப்புறம் எத்தன வருசத்துக்கு அதுல பூண்டு ஆகாதோ."

யாழினி என் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அட்டையிலிருந்து நீலத்துணியைப் பிய்த்து அக்காவின் கையில் வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிய்த்தார்கள். அக்காவின் மடி நிறையத் துணி. எதை எந்தக் கட்டில் கட்டுவது?

அப்போது அவர் உள்ளே வந்தார். மூக்கில் குச்சி. விஷயத்தைச் சொன்னேன். கேட்டார், தலையை ஆட்டினார், பிறகு பிள்ளைகளின் அட்டைகளைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் குடுத்துடாதீங்கப்பா. ஒரு சின்னப் பீஸ் கிழிச்சு அட்டைல வச்சிக்கங்க. கட்டம் காலியாயிடும்." அக்காவிடம் திரும்பினார். "துணி கெடச்சிருச்சுல்லம்மா?"

"துணி கெடச்சு என்னங்க செய்ய" என்றார் அக்கா. "துணியவா நட?"

அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம், "ரியல் லேர்னிங்னா இதுதான் சார், பிளான் பண்ணிக்கூடப் பண்ண முடியாது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. நாட்டையே எதிர்த்துக் கவிதை வரிகள் எழுதிக்கொண்டிருந்தவன், ஒரு குல்லாய்க்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. அக்கா ஜீப் வரைக்கும் வந்து என்னிடம் மட்டும் சொன்னார்: "ஞாயித்துக்கெழம வரைக்கும் கட்டுகள நகத்தாம வச்சிருக்கேன் சார். எதுலருந்து எது எடுத்தோம்னு பிள்ளைகளுக்கு ஞாபகம் வந்தாச் சொல்லச் சொல்லுங்க. அதுக்கு மேல தாங்காது, மாத்திப் போட்டுத்தான் ஆகணும். இல்லேனா பின்னாடி கெடக்குறது பூசணம் பூத்துரும்."

மறுநாள் அவர் ஒரு புதிய தாளோடு வந்தார். 'நீங்கள் அந்த விவசாயியாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மூன்று தீர்வுகள் எழுதுக.' மூன்று கட்டம். ஒரு பையன், ஒவ்வொரு கட்டிலும் கியூ.ஆர். கோடு ஒட்டலாம் என்று எழுதினான். அது பலகையில் ஒட்டப்பட்டது.

அக்கா கேட்டதை நான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். யாழினி மூன்று கட்டத்தையும் காலியாக விட்டாள். தாளின் பின்பக்கத்தில் பரணை வரைந்திருந்தாள். ஏழு கம்பு, ஒவ்வொன்றிலும் கட்டுகள் சின்னச் சின்ன வட்டமாக. விடுதியில் ஒவ்வொரு பிள்ளையாகப் போய், "நீ எந்தக் கம்புலருந்து எடுத்த? பக்கத்துல யார் நின்னா? கை எட்டுச்சா, ஸ்டூல் போட்டியா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்ன வட்டத்துக்கு மட்டும் நிறம் தீட்டியிருந்தாள். ஒருவர் மட்டும் சொன்னதற்குக் கேள்விக்குறி. யாருக்கும் நினைவில்லாததைச் சும்மா விட்டிருந்தாள். பாதிக்கு மேல் சும்மாதான் இருந்தது. அந்த வருடம் முழுக்க எங்கள் பள்ளியில் வரையப்பட்ட ஒரே புவியியல் அதுதான்.

வெள்ளிக்கிழமை அவர் அதற்குப் பத்துக்கு இரண்டு போட்டார்.

"தலைப்பு இல்ல, திசைக்குறி இல்ல, அளவுகோல் இல்ல. பாதி காலி" என்று என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"இத அந்தம்மாகிட்டக் குடுக்கணும் சார். ஞாயித்துக்கெழமைக்குள்ள."

"திங்கக்கெழம எல்லாருக்கும் திருப்பித் தருவேன். இப்ப ஃபைல்ல நம்பர் போட்டாச்சு. ஒண்ண உருவுனா சீரியல்ல ஓட்டை விழும்."

சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் உருவினேன். என் வாழ்க்கையில் நான் செய்த திருட்டுகளில் கை நடுங்காத ஒன்று அது.

ஞாயிறன்று வெள்ளனே முதல் பேருந்தில் பூண்டிக்குப் போனேன். அக்கா தாளை வாங்கி, திசைக்குறி இல்லாத அதை ஒரு தடவை திருப்பி, அடுப்புக்கு நேராகப் பிடித்தார். அடுப்புதான் வடக்கு. அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

"இந்தப் புள்ள எங்க நின்னு பாத்துச்சு சார்? விறகு வைக்கிற மூலையில நின்னுருக்கும். அங்கருந்து பாத்தாத்தான் இப்பிடித் தெரியும்."

நிறம் தீட்டிய வட்டங்களுக்குத் துணி கட்டினோம். கேள்விக்குறிகளை அக்கா தொடவில்லை. "சந்தேகத்த நட முடியாது சார்" என்றார். கட்டி முடித்தபோது, நடுக்காட்டுக்கு மட்டும் விதை தேறியது. மேல்காட்டில் அந்தப் பட்டம் கேரட் போட்டார். துணி இல்லாமல் தொங்கிய கட்டுகள் அத்தனையும், நல்லது கெட்டது சேர்ந்தே, கிடைத்த விலைக்குச் சமையலுக்குப் போயின. கிளம்பும்போது, "அந்தப் புள்ளகிட்டச் சொல்லுங்க" என்றார். என்ன சொல்ல என்று சொல்லவில்லை. நீலத்துணி கட்டிய கட்டிலிருந்து ஒரு பூண்டைப் பிய்த்து என் பையில் போட்டார். அந்தப் புகை வாடை யாழினியின் விடுதி அறையில் ஒரு மாதம் இருந்ததாகக் கேள்வி.

காணாமல் போன தாளுக்காக அவர் மூன்று நாள் அலைந்தார். யாழினியைக் கூப்பிட்டு, அதே எண்ணில் வேறு ஏதாவது வரைந்து கொடுக்கச் சொன்னார். திசைக்குறியோடு. அவள் திசைக்குறியை மட்டும் பெரிதாக வரைந்து கொடுத்தாள். பத்துக்கு ஆறு.

வருடக் கடைசியில் பள்ளியில் கண்காட்சி. 'பூண்டியின் வண்ணங்கள்' என்று நிற அட்டைகள் ஒரு சுவர் முழுக்க. சிவப்போ நீலமோ நகக்கண் அளவில் எல்லா அட்டையிலும் இருந்தது. வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவருக்குப் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது. பல பள்ளிகளுக்குக் களப்பயண யோசனைகள் எழுதித் தரும் வேலை. இங்கே செய்ததையெல்லாம் கையேடாகத் தொகுத்துக்கொண்டிருந்தார். வழியனுப்ப யாராவது போகவேண்டுமே என்று தலைமையாசிரியர் என்னை அனுப்பினார். பேருந்து நிலையத்தில் சாரல். யூகலிப்டஸ் எண்ணெய் விற்கிறவர்கள், சூடான வேர்க்கடலை, டீசல் புகை, நனைந்த கம்பளி. அவர் சன்னலோரம் உட்கார்ந்து மடியில் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தார். குல்லாய். மூக்கில் குச்சி. நடத்துநர் விசில் கொடுத்தபிறகு என்னைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

"சார், அந்தப் பூண்டு வீட்டம்மா ஞாபகம் இருக்கா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நான் அவரைத் தவறாக நினைத்துவிட்டேனோ என்று இருந்தது. நடவு என்ன ஆயிற்று என்று கேட்கப்போகிறார். சன்னலுக்குக் கிட்டத்தில் போனேன். நகரத் தொடங்கிய பேருந்தோடு நான்கு எட்டு நடக்கவும் செய்தேன்.

அவர் குச்சியை மூக்கிலிருந்து எடுத்தார்.

"அவங்க வீட்ல என்ன வாசனை சார்? அந்த ஒரு கட்டம் மட்டும் காலியா இருக்கு."